ஊதுதுளை பார்க்கப் போவோருக்கும் கூட்டிச் செல்வோருக்கும்

இந்தப் பத்தியில் வழமையாகக் கடை, கணக்கு, கடன், கொள்வனவு என்று எழுதிவரும் நான் இந்த வாரம் கடலைப் பற்றி எழுதப் புறப்பட்டிருப்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. துணிக்கடை நடத்தும் நண்பர் ஒருவரின் மகன், வாப்பாவின் கடையோடு நின்றுவிடாமல், குடும்பங்களைச் சிறு சிறு குழுக்களாக வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் தொழிலையும் ஆரம்பித்திருக்கிறார். அவருடைய முதலாவது குழு மொரீசியஸ் தீவுக்குப் போகிறது. மொத்தம் பதினொரு பேர், அதில் நான்கு பேர் சிறு பிள்ளைகள். “அங்கிள், தெற்குப் பக்கத்தில் கடல் தண்ணீர் பாறைக்குள்ளால் பீறிட்டு மேலே வரும் இடம் ஒன்று இருக்கிறதாமே. அதையும் நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறேன். நீங்கள் போயிருக்கிறீர்கள்தானே, எப்படியான இடம்?” என்று கேட்டார்.

போயிருக்கிறேன். 2018 ஓகஸ்டில் போனேன். போய், என் தங்கையின் மகனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டியவன்.

அவருக்குத் தொலைபேசியில் கால் மணி நேரம் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். சுற்றுலாத் தொழிலில் இறங்கும் நம்மவர்களின் தொகை கூடிவருகிறது. டிக்கட், ஹோட்டல், சாப்பாடு ஆகிய மூன்றையும் கச்சிதமாகக் கவனிக்கிறார்கள். ஆனால் கூட்டிப்போகும் இடம் எப்படிப்பட்டது என்பதைப் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

துளை ஊதுவது எப்படி?

மொரீசியஸ் எரிமலையால் உருவான தீவு. சுமார் 80 இலட்சம் வருடங்களுக்கு முன்னர் கடலடியிலிருந்து எழுந்தது. அங்குள்ள எரிமலைகள் பல்லாயிரம் வருடங்களாக அடங்கிக் கிடக்கின்றன. பக்கத்துத் தீவான ரியூனியனில் மட்டும் ஓர் எரிமலை இன்றைக்கும் அடிக்கடி குழம்பைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழம்பு ஆறி இறுகினால் வருவதுதான் பசால்ட் என்னும் கறுப்புப் பாறை. ஆறும்போது அது சுருங்குவதால் மேலிருந்து கீழாக வெடிப்புகள் விழும். சில இடங்களில் மேற்பட்டை முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கும் குழம்பு வழிந்தோடிவிடும். அங்கே குகை போன்ற சுரங்கம் மிஞ்சும். கடல் இப்படியான பலவீனமான இடங்களைத் தேடிப் பிடித்துக் குடைகிறது. குடைந்த குகையின் கூரையில் ஒரு வெடிப்பு மேலே திறந்துகொண்டால் அதுவே ஊதுதுளை.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு மிகுதியை விளக்கத் தேவையில்லை. அலை குகைக்குள் புகும்போது உள்ளே இருக்கும் காற்று நெரிபடுகிறது. போக வேறு வழியில்லாமல் அது தண்ணீரையும் அள்ளிக்கொண்டு துளையால் மேலே பாய்கிறது. துளை ஒடுக்கமாக இருந்தால் தண்ணீர் உயரமாக எழும். அகலமாக இருந்தால் பொங்கி வழிவதோடு சரி. மொரீசியஸின் ஊதுதுளைக்கு பிரெஞ்சு மொழியில் ‘லு சுப்ளேர்’ என்று பெயர். ஊதுபவன் என்று அர்த்தம். முன்பு 20 மீற்றர் அளவுக்குத் தண்ணீர் எழுந்ததாம். அலை அரித்து அரித்துத் துளையின் வாயை அகலமாக்கிவிட்டதால் இப்போது அந்த உயரம் இல்லை. கடல் நன்றாகக் கொந்தளிக்கும் நாட்களில் மாத்திரமே சொல்லத்தக்க காட்சி கிடைக்கிறது.

படங்களில் தெரியாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊதிய துளை அடுத்த கணம் உறிஞ்சும். அலை பின்வாங்கும்போது குகைக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, மேலே பாறையில் தேங்கிய தண்ணீரையும் காற்றையும் துளை உள்ளே இழுக்கிறது. மேலே பாயும் தண்ணீரால் தூக்கி எறியப்படுவோம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆட்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தத் திரும்பும் தண்ணீர்தான்.

கடல் தண்ணீரின் பாரத்தையும் நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரமான கடல் தண்ணீர் 1,025 கிலோ. ஒரு சிறிய காரின் நிறை அது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. இன்னுமொன்று, எல்லா அலைகளும் ஒரே அளவில் வருவதில்லை. கூட்டமாக வரும், பிறகு அடங்கும். பத்து, பதினைந்து நிமிடங்கள் கடல் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிறகு நான்கைந்து பெரிய அலைகளை அடுத்தடுத்து அனுப்பும். கடலைக் கணக்கிடுபவர்கள், ஆயிரம் அலைக்கு ஒன்று அன்றைய சராசரிப் பெரிய அலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் வரும் என்கிறார்கள். பத்து செக்கனுக்கு ஓர் அலை என்று வைத்தால், மூன்று மணி நேரத்துக்குள் அப்படி ஒன்று வந்தாக வேண்டும். நாம் போய் நிற்கும் ஐந்து நிமிடத்தில் அது வராது என்று யாரும் எழுதித் தர முடியாது.

மொரீசியஸைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறை அரண் இருப்பதால் அலைகள் தூரத்திலேயே உடைந்து, கரைக்கு வரும்போது குளம்போல அமைதியாக இருக்கும். ஹோட்டல்கள் எல்லாம் அப்படிப்பட்ட கரைகளில்தான் இருக்கின்றன. தெற்கே சுயாக் ஊரை அண்டிய கரையிலும், ஊதுதுளை இருக்கும் இடத்திலும் அந்த அரண் இல்லை. தென் சமுத்திரத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வீசிய புயலின் அலை, தடுப்பார் யாருமின்றி நேரே பாறையில் வந்து மோதுகிறது. வானம் நீலமாக இருக்கும், காற்றும் சாதாரணமாகவே வீசும், கடல் மட்டும் கோபமாக இருக்கும். மழை பெய்தால் வீட்டில் இருப்போம் என்ற நம் கணக்கு அங்கே செல்லுபடியாகாது. மே மாதம் தொடக்கம் ஒக்டோபர் வரை அவர்களுடைய குளிர்காலம். பெரிய அலைகள் அதிகம் வருவதும் அப்போதுதான்.

அன்று நடந்தது

நாங்கள் நான்கு பேர். நான், என் வியாபாரக் கூட்டாளி, கண்டியைச் சேர்ந்த ஹாஜியார் ஒருவர், இருபத்திரண்டு வயதான என் மருமகன். துணி விடயமாகத் தொழிற்சாலைகளைப் பார்த்து, போர்ட் லூயியில் பேச்சுவார்த்தையை முடித்ததும் இரண்டு நாட்கள் மிச்சமாயின. ஹோட்டலில் சொல்லி ஒரு வாகனம் எடுத்தோம். சாரதிக்கு ஐம்பது வயதுக்கு மேல். 1834 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட இலட்சக்கணக்கானோரின் வழிவந்தவர். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்த் தாளை எடுத்து, அதிலுள்ள தமிழ் எழுத்தைக் காட்டினார். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1998இல் அந்நாட்டு மத்திய வங்கி புதிய தாள்களில் தமிழை ஹிந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில் அத்தனை தாள்களும் மீளப் பெறப்பட்டன என்பது நாணயம் பற்றி அக்கறையுள்ளவர்கள் அறிந்த கதை.

முதல் நாள் அவர் எங்களை ஊதுதுளைக்குக் கொண்டுபோகவில்லை. சுயாக்கில் உயரமான ஓரிடத்தில் வாகனத்தை நிறுத்தி, கீழே கடலைக் காட்டி, “இன்றைக்கு இல்லை” என்றார் ஆங்கிலத்தில். ஹாஜியாருக்குக் கோபம். “முழு நாளுக்கும் காசு கொடுத்தது எதற்கு?” என்று என்னிடம் முணுமுணுத்தார். சாரதி விலையைக் குறைக்கவும் இல்லை, மனதை மாற்றவும் இல்லை. அப்போது எனக்கும் அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் போனோம். கரும்புத் தோட்டங்களுக்கு ஊடாகச் செல்லும் மண் பாதை அது. பொதுப் பாதையல்ல, தோட்டப் பாதை. ஓகஸ்ட் அறுவடைக் காலமாதலால் எதிரே கரும்பு ஏற்றிய லொறிகள் வந்தவண்ணம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி வழிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கரையை அடைந்ததும் சாரதி வாகனத்தைத் திருப்பி, முன்பக்கம் வெளியே போகும் பாதையைப் பார்க்கும்படி நிறுத்தினார். சவுக்கு மரங்களின் கீழே எங்களை உட்காரச் சொன்னார். “இருபது நிமிடம் பாருங்கள். தண்ணீர் எங்கே வரைக்கும் வருகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு எங்கே நிற்பது என்று நான் சொல்கிறேன்.”

ஹாஜியார் கண்ணயர்ந்துவிட்டார். கூட்டாளி தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருந்தார். துளை அப்போது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம், ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை, அவ்வளவுதான். மருமகனுக்குப் பொறுமை இல்லை. “ஒரே ஒரு போட்டோ, மாமா” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனான். சாரதி சத்தம் போட்டார். அவன் திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டினான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும். தூரமாகத்தானே நிற்கிறான் என்று நினைத்தேன்.

அவன் துளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் துளையால் வரவில்லை. அவனுடைய முதுகுப் பக்கமாக, பாறையின் விளிம்பைத் தாண்டி வந்தது. இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் நின்ற ஆள் இல்லை. வெள்ளை நுரை வடியும்போது அவன் கவிழ்ந்த நிலையில் துளைப் பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தான். கை ஒரு வெடிப்பில் சிக்கியதால் நின்றான். துளைக்கும் அவனுக்கும் இடையே ஏழெட்டு அடிதான் மிச்சம்.

நான் ஓடினேன். சாரதி என் இடுப்புப் பட்டியைப் பின்னால் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார். “ஒரு ஆள் போதும்” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அவர்மீது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அவர் வாகனத்தின் பின்பக்கத்திலிருந்து கயிற்றை எடுத்தார். அதன் நுனியில் மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கேன் ஒன்று கட்டப்பட்டிருந்தது. எதிர்பார்த்து வைத்திருந்த சாமான் அது. காய்ந்த பாறையில் நின்றபடியே எறிந்தார். அடுத்த அலை வந்தது, ஆனால் சிறியது. மருமகன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்து சேர்ந்தான். பசால்ட் பாறை அரம் மாதிரி. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்திருந்தது. கையில் ஒன்பது தையல். போன் கடலோடு போய்விட்டது. தங்கையிடம் “வழுக்கி விழுந்துவிட்டான்” என்று மட்டும்தான் சொன்னேன். இதை வாசித்துத்தான் மிகுதியைத் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

சீனிக்காகத் தகர்க்கப்பட்ட துளை

ஊருக்கு வந்தபின் இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசித்தேன். வியாபாரிகள் என்ற வகையில் நாம் அறிய வேண்டிய ஒரு சம்பவம் ஹவாயில் நடந்திருக்கிறது. அதுவும் எரிமலைத் தீவுக் கூட்டம்தான். அங்கே கவாய் தீவின் தென்கரையில் இரண்டு ஊதுதுளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியது 200 அடி உயரத்துக்குத் தண்ணீரை எறிந்ததாகச் சொல்லப்படுகிறது. காற்று அந்த உப்புத் தூறலைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் கொட்டியது. பயிர் கருகியது. 1920களில் தோட்டத்தார் வெடிவைத்து அந்தத் துளையைத் தகர்த்துவிட்டார்கள். அன்றைய கணக்கில் அது சரியான தீர்மானம். கரும்புக்கு விலை இருந்தது, துளைக்கு விலை இல்லை.

பிறகு நடந்ததையும் பாருங்கள். கவாய் தீவில் சீனித் தொழில் 2009இல் முடிவுக்கு வந்தது. 2016 டிசம்பரில் மாவி தீவின் கடைசிச் சீனி ஆலையும் மூடப்பட்டதோடு முழு ஹவாயிலும் அந்தத் தொழில் முற்றுப்பெற்றது. தகர்க்காமல் விட்ட சின்னத் துளை மட்டும் இன்றைக்கும் 50 அடி வரை ஊதிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வருவோருக்கு உள்ளூராட்சி நிர்வாகம் வாகனத் தரிப்பிடமும் கம்பி வேலியிட்ட பார்வைத் தளமும் அமைத்துக் கொடுத்திருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வாகனத் தரிப்பிடத்தின் ஓரமாகப் பல வருடங்களாகச் சிறு வியாபாரிகள் சிப்பி மாலை, முத்து, கைப்பணி நகை என்று விற்றுப் பிழைத்து வருகிறார்கள். அந்தக் கம்பி வேலிதான் அவர்களுடைய முதல். வேலிக்கு இந்தப் பக்கம் ஆட்கள் பயமின்றி நிற்கிறார்கள். நின்றவர்கள் சாமான் வாங்குகிறார்கள்.

அதே ஹவாயின் மாவி தீவில் நகலேலே என்றொரு துளை இருக்கிறது. வேலி இல்லை. பாதையிலிருந்து பாறைகளினூடாக இறங்கி, துளையின் வாய் வரைக்கும் யாரும் போகலாம். 2011 ஜூலையில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒருவர் துளையருகில் நின்று தூறலில் விளையாடிக்கொண்டிருந்தபோது அலை தட்டிவிட, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத் துளைக்குள் போய்விட்டார். உடல் கிடைக்கவேயில்லை.

மொரீசியஸ் துளைக்கும் கரும்புக்கும் உள்ள உறவு வேறு மாதிரியானது. ஐரோப்பியச் சங்கம் 2006 தொடக்கம் 2009 வரையான காலத்தில் சீனிக்குக் கொடுத்துவந்த விலையை 36 வீதத்தால் வெட்டியது. 1975 முதல் இருந்துவந்த சீனி ஒப்பந்தமும் 2009இல் முடிந்தது. தோட்டக் கம்பனிகள் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் விற்பது, ஹோட்டல், காணி விற்பனை என்று திரும்பின. நாங்கள் போனபோது துளைக்கு டிக்கட்டும் இல்லை, வேலியும் இல்லை, கடையும் இல்லை. ஆகவே அங்கே ஆட்களின் பாதுகாப்பு முழுக்க முழுக்கக் கூட்டிப்போகிறவரின் கையில்தான் இருக்கிறது.

போகிறவர்கள் செய்ய வேண்டியது

முதலில் அன்றைய அலையைக் கேட்டறியுங்கள். மொரீசியஸ் வானிலை நிலையம் பெரிய அலை பற்றிய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், மேட்டில் நின்று பார்க்கவும் வேண்டாம். வற்றுப்பெருக்கைப் பார்த்துப் போகும்படி சிலர் சொல்வார்கள். அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதைவிட அலையின் உயரமே முக்கியம்.

இடத்துக்குப் போனதும் அந்தச் சாரதி சொன்ன இருபது நிமிடத்தைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். அரை மணி நேரமானால் இன்னும் நல்லது. பாறையின் நிறத்தைப் பாருங்கள். ஈரப் பாறை கன்னங்கரேல் என்று மினுங்கும். காய்ந்த பாறை சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். ஈரமாக இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னர் கடல் வந்து போயிருக்கிறது, திரும்பவும் வரும். பச்சைப் பாசி இருந்தால் தினமும் வருகிறது என்று அர்த்தம். சாம்பல் நிறப் பாறையிலும் விளிம்பிலிருந்து நன்றாகப் பின்தள்ளி, உயரமான இடத்தில் நில்லுங்கள். தூறல் முகத்தில் விழுகிறது என்றால் கிட்ட வந்துவிட்டோம் என்று பொருள். கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டாம். என் மருமகனை மாட்டிவிட்டது துளையல்ல, முதுகுதான். துளையைப் பின்னணியாக வைத்துத் தன்னைத்தானே படமெடுப்பதைப் போன்ற முட்டாள்தனம் அந்த இடத்தில் வேறில்லை.

துளையின் வாயை எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். கூரை எவ்வளவு மெல்லியது என்று மேலேயிருந்து தெரியாது. கிட்டவே ‘பொன் நதுரேல்’ என்றழைக்கப்படும் இயற்கைப் பாலம் இருக்கிறது. கடல் குடைந்து குடைந்து மேல்தட்டு மட்டும் மிஞ்சிய பசால்ட் பாலம் அது. ஆட்கள் அதன்மேல் நடந்து படமெடுக்கிறார்கள். கடல் இன்னமும் கீழே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. தூரத்தில் நின்று பார்ப்பதோடு போதுமாக்கிக்கொள்ளுங்கள்.

காலுக்கு அடி பிடிக்கும் சப்பாத்து வேண்டும். செருப்போடு பசால்ட்டில் நடப்பது சரிவராது. பிள்ளைகளை ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் கையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அது முடியாவிட்டால் பிள்ளைகள் வாகனத்தடியில் இருக்கட்டும். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் பாயக் கூடாது. சொல்வது சுலபம், எனக்கே முடியவில்லை. கயிறு, மூடிய வெறும் கேன், மிதக்கும் எதுவாயினும் எறியுங்கள். ஒருவர் கண்ணை எடுக்காமல் விழுந்தவரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பொலிசை அழைக்கட்டும். மொரீசியஸில் 999, இங்கே 119.

இங்கே என்றதும் தென் மாகாண வாசகர்களுக்குக் குடாவெல்ல நினைவுக்கு வந்திருக்கும். திக்குவல்லைக்கும் தங்காலைக்கும் இடையில் இருக்கும் ஹும்மானயவும் ஊதுதுளைதான். இலங்கை எரிமலைத் தீவல்ல. அங்கே கடல் குடைந்திருப்பது மிகப் பழைய, வேறு வகைப் பாறையை. ஆனால் ஊதும் விதம் ஒன்றுதான். கம்பி வேலியும் பார்வைத் தளமும் டிக்கட்டும் உண்டு. போகும் வழி நெடுகப் பொரித்த மீன் கடைகளும் உண்டு. தென்மேல் பருவக் காற்றுக் காலத்தில், குறிப்பாக ஜூனில், நன்றாக ஊதும். “கொழும்பிலிருந்து காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பு கொந்தளிப்பாகக் காணப்படும்” என்று வானொலியில் சொன்னால் வேலிக்கு வெளியே ஓரடியும் வைக்காதீர்கள். வேலியைத் தாண்டிக் குதித்துப் படமெடுப்பவர்களை நான் அங்கேயும் கண்டிருக்கிறேன்.

கூட்டிச் செல்பவர்களுக்கு

மருமகனின் சிகிச்சையை ஒரு தனியார் வைத்தியசாலையில் செய்தோம். பயணக் காப்புறுதி இருந்தது. கோரிக்கை அனுப்பியபோது காப்புறுதிக் கம்பனி கேட்ட முதற் கேள்வி, காயம் எவ்வளவு என்பதல்ல. எச்சரிக்கையை மீறிப் போனாரா என்பதுதான். பயணக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில், தேவையில்லாத ஆபத்துக்குத் தானாகவே தன்னை உட்படுத்திக்கொண்டால் நட்டஈடு கிடையாது என்ற கருத்தில் ஒரு வாசகம் சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு மாதம் கடிதம் எழுதிய பின்னர் மருத்துவச் செலவைக் கொடுத்தார்கள். போனுக்குக் கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்திட்டவன் நான். நீங்கள் குழுவாகக் கூட்டிப்போகிறவர் என்றால் அந்தப் பக்கத்தை வாசித்து, விளங்காவிட்டால் முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஊதுதுளையை ஒரு குறிப்பிட்ட நாளுக்கு, குறிப்பிட்ட நேரத்துக்குப் போட வேண்டாம். போட்டால் அன்றைக்குக் கடல் எப்படி இருந்தாலும் போயே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் வந்துவிடும். பணம் கட்டியவர்கள் கேட்பார்கள், ஹாஜியார் கேட்டாரே. “கடல் இடம் கொடுத்தால் மாத்திரம்” என்று எழுதி, இடம் கொடுக்காவிட்டால் அதற்குப் பதிலாகப் போகும் இடத்தையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அப்போது பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே வராது. தீர்மானம் எடுப்பவர் உள்ளூர்ச் சாரதி என்பதையும் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சாரதியைத் தெரிவு செய்யும்போது விலை குறைந்தவரைத் தேடாமல், “இன்றைக்கு இல்லை” என்று சொல்லக் கூடியவரைத் தேடுங்கள். முதல் நாளும் எங்களிடம் முழுக் கூலியை வாங்கியவர் அவர். அந்தக் கூலி அப்போது எங்களுக்கு வீண் செலவாகத் தெரிந்தது.

நண்பரின் மகன் இரண்டு நாட்களுக்குப் பிறகு திரும்பவும் அழைத்தார். நிகழ்ச்சி நிரலைத் திருத்திவிட்டாராம். பிள்ளைகள் உள்ள இரண்டு குடும்பங்களுக்கு அன்று காலையில் அரணுக்கு உட்பட்ட அமைதியான கரை, மற்றவர்களுக்குக் கடல் இடம் கொடுத்தால் துளை. “கயிறும் கேனும் நான் இங்கிருந்தே கொண்டுபோகவா, அங்கிள்?” என்று கேட்டார். கயிறு அங்கே வாங்கலாம், கேனும் அங்கே கிடைக்கும், சாரதியின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் என்னிடம் வாங்கிக்கொள் என்றேன்.